இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்துக்குப் போகிறவர்கள் கேட்டவை

அக்கா, டர்ஹாமில் எங்களுக்கு ஒரே ஒரு பகல்தான். பேராலயத்துக்கு எப்போது போகலாம்?

மதியம் இரண்டரை மணிக்கு உள்ளே போங்கள், மாலை ஆராதனை முடிந்த பிறகு வெளியே வாருங்கள். காலையில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுக் கிளம்புகிறவர்கள் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள், ஆலயத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆராதனை நேரத்தை மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் சிறுவர் பாடகர்கள் இருக்க மாட்டார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, காணிக்கை போடலாம். அருங்காட்சியகத்துக்கும் கோபுரத்துக்கும் தனி டிக்கெட்.

நாங்கள் இந்துக்கள். ஆராதனையில் உட்காரலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா?

தாராளமாக உட்காருங்கள். யாரும் மதம் கேட்பதில்லை. செருப்பு இருக்கட்டும், ஆண்கள் தொப்பியை எடுத்துவிட்டால் போதும். மற்றவர்கள் எழும்போது எழுந்து நில்லுங்கள். மண்டியிட வேண்டிய கட்டாயம் இல்லை. பைபிளின் சங்கீதப் பாடல்களையும், அதில் வரும் மரியாளின் பாட்டையும் சிமியோனின் பாட்டையும் பாடகர்களே பாடுவார்கள், நாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். முக்கால் மணி நேரம் ஆகும். கடைசிச் சுரம் ஓய்ந்த பிறகும் அந்த ஒலி கல் கூரைக்கடியில் சற்று நேரம் நிற்கும். அதைக் கேட்பதற்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன். அந்த நேரத்தில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

நான் தென்னிந்தியத் திருச்சபை. ஞாயிறு திருவிருந்தில் பங்குபெறலாமா?

பெறலாம், ஐயா. இது இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயம். அதைப் போலவே உங்கள் சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்ததுதானே! உடன் வரும் கிறிஸ்தவரல்லாத நண்பர் விரும்பினால் முன்னே வந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துத் தலைகுனிந்தால் ஆசீர்வாதம் கிடைக்கும்.

எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் தூண்கள். 1093இல் தொடங்கி 1133இல் முடித்த வேலை அது. பெருந்தூண் ஒவ்வொன்றின் உயரமும் சுற்றளவும் ஏறத்தாழ 6.6 மீட்டர். கல்லில் வெட்டிய கோடுகள் சில தூண்களில் சுருளாக ஏறும், சிலவற்றில் வைர வடிவில் பின்னிக்கொள்ளும்.

மேற்குக் கோடியில் தரையைப் பாருங்கள். கருங்கோடாக ஒரு கல்வரிசை பதித்திருக்கும். துறவிகள் இருந்த காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. அதை மிதித்துக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நின்றுபோன அந்தப் பெண்களை நினைக்கிறேன். இன்று பெண் குருமாரும் அதே தரையில் நடந்து பீடத்துக்குப் போகிறார்கள்.

687இல் இறந்த ஆயர் புனித கத்பர்ட்டின் உடலை, கடல்வழி வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளுக்குப் பயந்து துறவிகள் ஊர் ஊராகச் சுமந்து 995இல் இங்கே சேர்த்தார்கள். மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் கத்பர்ட்டின் திருத்தலத்தை இடித்துவிட்டார்கள். இப்போது பெரிய பீடத்தின் பின்னால் பெயர் பொறித்த வெறும் கற்பலகைதான் இருக்கிறது. அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி நிற்பவர்கள் உண்டு. குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அதற்குக் கிழக்கே ஒன்பது பீடங்களின் சிற்றாலயம். அங்குள்ள மெல்லிய கருந்தூண்களுக்கு அருகில் முகத்தைக் கொண்டு போனால், பழைய கடலின் பவளங்கள் வெள்ளை வளையங்களாகக் கல்லுக்குள் தெரியும்.

ஆறு வயது மகனைக் கோபுரத்தில் ஏற்றலாமா?

325 படிகள், குறுகிய சுழல்படி. வேண்டாம், தம்பி. வடக்கு வாசல் கதவில் உள்ள சிங்க முக வளையத்தைக் காட்டுங்கள். பெரிய குற்றம் செய்து ஓடி வந்தவர் அதைத் தட்டினால் 37 நாள் அடைக்கலம் கிடைத்தது என்று கதை சொல்லுங்கள். கதவில் இருப்பது நகல், அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லண்டனிலிருந்து வருகிறோம், ரயிலா பஸ்ஸா?

ரயில். மூன்று மணி நேரம்தான். வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். நிலையத்தை நெருங்கும்போது பாலத்தின் மேல் வண்டி வேகம் குறையும். ஊர்க் கூரைகளுக்கு மேலே, மரங்களடர்ந்த குன்றின் உச்சியில் மூன்று கோபுரங்களும் தெரியும்.