கிராமத்துக் கலைக் கல்லூரி மாணவர்களை நல்ல கணக்கு ஆசிரியர்களாக உருவாக்க முடியுமா?

முடியும். நீங்கள் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் என்று நினைக்கிறேன். "இதுகளுக்கு அடிப்படையே கிடையாது" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆலங்குளம், முக்கூடல் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். பலர் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். ஆசிரியர் வேலைக்கு ஆசைப்படுகிற மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சனிக்கிழமை தனியாக உட்கார வைப்பேன். நவீன இயற்கணிதத்தில் தேறியவர்கள். "மூன்றைக் காலால் வகுத்தா பன்னிரண்டு. வகுத்தா குறையணுமே, ஏன் கூடுதுன்னு ஏழாம் வகுப்புப் பையன் கேட்டா?" என்றேன். "தலைகீழாக்கிப் பெருக்கணும் சார்." அதற்குமேல் பேச்சில்லை. சுமாராக மார்க் வாங்கும் ஒரு பெண்தான், "மூணு படி அரிசிய உழக்கால அளந்தா பன்னெண்டு உழக்கு வரும்லா சார்" என்றாள். உழக்கு என்றால் கால்படி.

விடவில்லை. "அரைப்படிய முக்கால் படியால வகுத்தா?" அன்று மதியம் முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில் அவளே கரும்பலகைக்கு வந்து, முக்கால் படிக்கு மூன்று உழக்கு, அரைப்படிக்கு இரண்டு, ஆக மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதினாள். இன்று அவள் கணக்கு டீச்சர்.

பள்ளிக் கணக்கை ஆசிரியர் கண்ணோடு மறுபடி படிக்க பி.எஸ்சி.யில் இடமில்லை, பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பாகியும் அங்கே கற்பிக்கும் முறைக்கே நேரம் போய்விடுகிறது. "அப்போ ரியல் அனாலிசிஸ் வேண்டாமா?" என்று சண்டைக்கு வராதீர்கள். 0.999... ஏன் ஒன்றுக்குச் சமம் என்று சொல்ல, எல்லை, முடிவிலாத் தொடர் எல்லாம் பார்க்கும் அந்தக் கல்லூரிக் கணக்குதான் வேண்டும். இரண்டும் வேண்டும் என்கிறேன்.

ஆசிரியர் தகுதித் தேர்வில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கான இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணில் கணிதம், அறிவியல் சேர்ந்தே 60தான். மீதி குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம். ஆங்கிலத்தை முதலாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் மாணவி ஒருத்தியின் அசல் சான்றிதழ்களை ஒரு தனியார் பள்ளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டது. அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்குக்கூடக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். அவள் அப்பா வாசலில் போய் நின்று கெஞ்சித்தான் வாங்கினார். படித்த பிள்ளையை இப்படியா நடத்துவது? உங்கள் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: எந்தப் பள்ளி கேட்டாலும் நகலைக் கொடு, அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்.