வேகம் கூட வேண்டுமானால் முதலில் மெதுவாக ஓடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 38. வாரத்தில் நான்கு நாள், மொத்தம் 30 கிலோமீட்டர் ஓடுகிறேன். எல்லா நாளும் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம்தான். அதைத் தாண்டினால் மூச்சு வாங்குகிறது. கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 160-ஐ ஒட்டியே இருக்கிறது. 10 கி.மீ. ஓட எட்டு மாதமாக 62 நிமிடம் ஆகிறது, குறையவே இல்லை. சில வாரங்களாக இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது. வேகத்தைக் கூட்ட இன்னும் கடுமையாக ஓட வேண்டுமா, டாக்டர்?

பதில்: வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே எல்லா நாளும் கொஞ்சம் கடுமையாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். 62 நிமிடத்தில் 10 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 12 விநாடி. தினசரி ஓட்டமோ 6 நிமிடம் 30 விநாடி. முழுமூச்சாக ஓடும் நாளுக்கும் சாதாரண நாளுக்கும் 18 விநாடிதான் வித்தியாசம். நேரம் குறையாததற்கும், பெரும்பாலும் கால் வலிக்கும் காரணம் இதுதான்.

நெடுந்தூர ஓட்டத்தின் அடித்தளம் நிதானமான ஓட்டத்தில்தான் உருவாகிறது. தசை நார்களைச் சுற்றி நுண் இரத்தக்குழாய்கள் பெருகுவதும், செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுவதும், கொழுப்பை எரிபொருளாக்க உடல் பழகுவதும் அப்படித்தான். இதற்குப் பல வாரங்கள் தொடர்ந்து ஓட வேண்டும். வேகம் அவ்வளவு முக்கியமில்லை. உங்களுடையதுபோன்ற நடுத்தர வேகத்தில் இந்தப் பலன் பெரிதாகக் கூடுவதில்லை, ஆனால் களைப்பு அடுத்த நாளும் தங்கிவிடுகிறது. அதனால் உண்மையில் வேகமாக ஓட வேண்டிய நாளில் கால் ஒத்துழைப்பதில்லை. முன்னணி வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் அறிஞர், அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் நிதானமானவை என்று கண்டார். நான்கு நாள் ஓடும் உங்களுக்கு அந்தக் கணக்கு, மூன்று நாள் நிதானம், ஒரு நாள் கடுமை என்று வரும்.

உங்கள் நிதான வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 15 விநாடி முதல் 7 நிமிடம் 45 விநாடி வரை. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறுபடாமல் சொல்ல முடிய வேண்டும். கடிகாரத்தைவிட இந்தப் பேச்சுச் சோதனையையே நான் நம்புவேன். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உங்கள் உச்ச நாடித்துடிப்பு 182 என்று வரும். ஆனால் ஆளுக்கு ஆள் அது 10, 12 துடிப்பு மேலும் கீழும் போகும். மேடு வந்தால் நடக்கலாம், தவறில்லை. முதல் இரண்டு வாரம், ஓடுகிறோமா நடக்கிறோமா என்றே சந்தேகம் வரும். பலர் அங்கேதான் பொறுமை இழந்து பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கடுமையான நாளுக்கு முன், கால் வலியைப் பார்க்க வேண்டும். விரலால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்து, உடல் சூடானதும் குறைந்தால் அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய அழற்சி. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, நிதானமாக ஓடினாலே பலருக்குச் சில வாரங்களில் அடங்கும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, ஓட ஓட வலி கூடினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்ஆர்ஐ தேவைப்படலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது. வலி தரும் எச்சரிக்கையை அது மறைத்துவிடும். உடலில் நீர் குறைந்திருக்கும்போது ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

வலி அடங்கிய பிறகு வாரம் ஒரு நாள் டெம்போ ஓட்டம், அதாவது கடுமையாக, ஆனால் சீராகத் தாங்கக்கூடிய வேகத்தில் ஓடுவது. 15 நிமிடம் நிதானமாக ஓடி உடலைச் சூடாக்குங்கள். பிறகு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 முதல் 20 விநாடி வேகத்தில் 8 நிமிடம்; 2 நிமிடம் மெதுவான ஜாகிங்; இப்படி மூன்று முறை. கடைசியில் 10 நிமிடம் நிதானம். அந்த 8 நிமிடங்களில் மூன்று, நான்கு சொற்களுக்கு மேல் பேச வராது, ஆனால் மூச்சுத் திணறவும் கூடாது. தசை சர்க்கரையை எரிக்கும்போது வரும் லாக்டேட் என்ற பொருள் எப்போதும் உருவாகிக்கொண்டேதான் இருக்கும். உடலும் அதை எரித்துக்கொண்டே இருக்கும். ஒரு வேகத்தைத் தாண்டும்போது உற்பத்தி மிஞ்சிவிடுகிறது. அந்த எல்லையை மேலே தள்ளுவதற்குத்தான் இந்தப் பயிற்சி. (மறுநாள் வரும் தசைவலிக்கும் லாக்டேட்டுக்கும் சம்பந்தமில்லை. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அது இரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும்.)

இதில் நடக்கும் தவறு அநேகமாக ஒன்றுதான். முதல் சுற்றை உற்சாகத்தில் 5 நிமிடம் 50 விநாடி வேகத்தில் ஓடிவிட்டு, மூன்றாவது சுற்றில் துவண்டுபோவது. மூன்று சுற்றும் ஒரே வேகத்தில் அமைந்து, இன்னொரு சுற்றும் ஓடலாம் என்ற தெம்போடு முடித்தால் அதுதான் சரியான அளவு. மூன்றாவது சுற்று கிலோமீட்டருக்கு 10 விநாடிக்கு மேல் தளர்ந்தால், அடுத்த வாரம் முதல் சுற்றை அதற்கேற்ப மெதுவாகத் தொடங்குங்கள். மூன்று வாரம் கழித்து 12 நிமிடம் வீதம் இரண்டு சுற்று. பிறகு 20 நிமிடம் இடைவிடாமல்.

ஆறு வாரம் இப்படி ஓடிய பிறகு, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் டெம்போவுக்குப் பதில் இண்டர்வல் வைக்கலாம்: 5 நிமிடம் 45 விநாடி வேகத்தில் 3 நிமிடம், இடையில் 2 முதல் 3 நிமிடம் ஜாகிங், ஐந்து முறை. இது ஆக்சிஜனை உள்வாங்கும் உச்சத் திறனைக் கூட்டும். அதற்கு முன், ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு எப்போதாவது வந்திருந்தாலோ, நெருங்கிய உறவினர் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தாலோ இதய மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். காய்ச்சல் இருக்கும் நாளிலும் வேக ஓட்டம் கூடாது.

வாரத்தில் ஒரு நிதான ஓட்டத்தின் கடைசியில் 20 விநாடி வேக ஓட்டம் ஆறு முறை, இடையில் ஒரு நிமிட நடை. முழு வேகம் வேண்டாம், பத்தில் எட்டுப் பங்கு போதும். கால் தரையில் தங்கும் நேரம் குறைந்து, அதே வேகத்துக்கு உடல் செலவிடும் சக்தியும் குறையும். நீண்ட ஓட்டம் வாரத்துக்கு ஒன்று, 10 முதல் 11 கி.மீ.; நிதான வேகத்திலேயே. நான்காவது வாரம் மொத்தத் தூரத்தில் கால்பங்கைக் குறையுங்கள். இதயமும் தசைகளும் சில வாரங்களில் தேறிவிடும், எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் காயங்கள் வருகின்றன.

கெண்டைக்காலுக்கு வாரம் இரண்டு நாள்: படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். முழங்காலை நீட்டி 12 முறை, லேசாக மடக்கி 12 முறை, மூன்று சுற்று. டெம்போவுக்கு முந்தைய நாள் செய்யாதீர்கள்.

முன்னேற்றத்தை 10 கி.மீ. நேரத்தை வைத்து வாராவாரம் அளக்காதீர்கள். மாதம் ஒரு முறை, அதே பாதையில், அதே காலைப் பொழுதில், நாடித்துடிப்பு 140-இல் நிற்குமாறு 5 கி.மீ. ஓடி நேரத்தைக் குறித்துவையுங்கள். வெயிலில் துடிப்பு தானாகவே கூடும், ஆகவே புழுக்கமான நாளின் கணக்கைச் சேர்க்க வேண்டாம். பத்து வாரம் ஆகியும் இந்த நேரம் குறையவில்லை, அசதியும் விடவில்லை என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருப்பவர்கள் உண்டு. அப்படி வந்தால் இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாகத் தொடங்காமல், அது எதனால் குறைந்தது என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.