கார் கதவு ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறது, மாற்றிவிடலாமா?

முன்பக்க இடது ஸ்பீக்கர் திடீரென்று நின்றுபோகிறது, கடையில் நாலு ஸ்பீக்கரையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். என் பழைய காரிலும் இதே தொல்லை இருந்தது, எனக்கும் இதையேதான் சொன்னார்கள், கடைசியில் பார்த்தால் ஸ்பீக்கருக்கு ஒன்றுமே இல்லை.

முதலில் ஸ்டீரியோ செட்டிங்கில் பேலன்ஸ் (இடது-வலது சத்தம்), ஃபேடர் (முன்-பின் சத்தம்) இரண்டும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால், பாட்டை ஓடவிட்டு அந்தக் கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். திறக்கும்போது பாடி, மூடினால் நின்றால் (எனக்கு அப்படித்தான்) பெரும்பாலும் வயர்தான் காரணம். கதவுக்கும் கார் பாடிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் போகும், ஸ்பீக்கர் வயர் அதற்குள்தான் வருகிறது. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி, மேலே பிளாஸ்டிக் நன்றாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்துவிடும். நான் அந்த ரப்பரைக் கழற்றி வயரை லேசாக இழுத்தபோது ஓர் இடத்தில் மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. அங்கேதான் அறுந்திருந்தது. இரண்டு பக்கமும் நல்ல செம்பு வரும்வரை வெட்டி, கொஞ்சம் புது வயர் சேர்த்து சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டேன். ஒட்டு அந்த மடிப்பிலேயே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் அறும்.

கதவை ஆட்டியும் மாற்றம் இல்லையென்றால் டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி, ஸ்டீரியோவை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் கப்ளரை (வயர் மாட்டும் இணைப்பை) எடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 3-லிருந்து 4-க்குள் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் (கம்பிச் சுருள்) போய்விட்டது. மீட்டர் இல்லையா, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள், நல்ல ஸ்பீக்கர் 'டப்' என்று சத்தம் போடும். அப்புறம் கோனை (ஸ்பீக்கரின் முன்பக்கம் அதிரும் கூம்பை) நான்கு விரலால் சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசுகிற சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் காந்தத்தில் தேய்கிறது, அதை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்பீக்கர் நல்லது, வயரும் நல்லது என்றால் ஸ்டீரியோவின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். சத்தமில்லாத பக்கம் இப்போது வலதுக்கு மாறினால் கோளாறு ஸ்டீரியோவில்தான். இதைச் செய்யும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஸ்பீக்கர் மைனஸ் வயரை எக்காரணம் கொண்டும் பாடியில் எர்த் செய்யக் கூடாது. இப்போதைய ஸ்டீரியோக்களில் பிளஸ், மைனஸ் இரண்டு வயரிலுமே உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் மின்சாரம் கொடுக்கிறது, பாடியில் பட்டால் அதன் ஐசி (சிப்) புகைந்துவிடலாம். பிளஸ், மைனஸ் இடம் மாறினால் ஒன்றும் எரியாது, ஆனால் பேஸ் மெலிந்துவிடும்.

டோர் பேடை மாட்டும் முன் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழியாமல் திரும்ப ஒட்டுங்கள். நிறையப் பேர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான்.