மாவுருண்டை பாக்கெட்டில் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

கேள்வி: காரைக்குடியில் ஒரு கடையில் நெய் மாவுருண்டையும் தேன்குழலும் வாங்கினேன். மாவுருண்டை பாக்கெட்டின் முன்பக்கத்தில் ‘சர்க்கரை சேர்க்காதது’, ‘100% இயற்கை’, ‘எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்றது’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். என் கணவருக்குச் சர்க்கரை நோய். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கும் இதையே அனுப்பலாம் என்றிருக்கிறேன். இதெல்லாம் உண்மைதானா என்று நானே சரிபார்க்க வழி உண்டா? பாக்கெட்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் உங்கள் கணவர் விஷயம். சர்க்கரை இல்லாத பண்டம் என்று நினைத்து அந்த மாவுருண்டையை அவருக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்திலேயே அதற்கான காரணம் இருக்கிறது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியல் இப்படிப் போகிறது: பாசிப்பருப்பு, வெல்லம், நெய், தாவர எண்ணெய், ஏலக்காய். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுதி, மற்றவற்றை இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. அப்படியானால் பருப்புக்கு அடுத்தபடி அதில் அதிகம் இருப்பது வெல்லம்தான். நெய்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது.

வெள்ளைச் சர்க்கரை போடவில்லை, அதனால் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று தயாரித்தவர் நினைத்திருக்கலாம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உணவு விளம்பரங்களுக்கும் லேபிள் வாசகங்களுக்குமான 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, எந்த வகைச் சர்க்கரையும் சேர்க்காமல் இருந்தால்தான் அந்த வாசகத்தைப் போடலாம். தேன் ஊற்றினாலும் போடக் கூடாது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாமே பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறது என்பது சரி, ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை அது தடுக்காது. ‘சுகர் ஃப்ரீ’ என்று போடுவதற்கு விதி இன்னும் கடுமை: 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

இனி எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் ஊட்டச்சத்து அட்டவணையில் மூன்று வரிகளைப் பாருங்கள்: கார்போஹைட்ரேட், மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை. உதாரணத்துக்கு, 100 கிராமில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 32 கிராம் என்று இருந்தால், 25 கிராம் எடையுள்ள ஒரு மாவுருண்டையில் 8 கிராம் வரும். லேபிள் கணக்குக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். அது நோயில்லாதவருக்கான அளவு. தேன்குழலில் சர்க்கரையே கிடையாது, உண்மை. ஆனால் அரிசி மாவும் உளுந்தும்தானே, கார்போஹைட்ரேட் வரியைப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் அந்த எண்ணைக் காட்டியே கேளுங்கள்.

அடுத்து ‘எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகாரம்’. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்த முத்திரையும் 14 இலக்க எண்ணும் ஒன்றைத்தான் சொல்கின்றன: இதைத் தயாரிப்பவர் அரசிடம் பதிந்திருக்கிறார், ஏதாவது ஆனால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. உள்ளே இருக்கும் மாவுருண்டையை யாரும் சோதித்துப் பார்த்து நல்லது என்று சான்று கொடுத்ததாக அதற்கு அர்த்தம் இல்லை.

அதற்காக அந்த எண்ணை லேசாக விட்டுவிடாதீர்கள். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு தொழில் செய்பவருக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. மத்திய உரிமமாக இருந்தால் அந்த இடத்தில் 00 வரும். நீங்கள் அனுப்பிய எண் 224 என்று தொடங்குகிறது, அதாவது தமிழ்நாட்டில் பதிவு செய்த சிறு தயாரிப்பாளர். இதில் குறை ஒன்றும் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கொடுக்கும் ஆச்சிமார்கள் பலருக்கு இந்தப் பதிவுதான் பொருந்தும்.

உரிமம், பதிவு விவரங்களுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபோஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் இந்த எண்ணைப் போட்டுத் தேடலாம், கட்டணம் கிடையாது. பெயரும் முகவரியும் பாக்கெட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, அது எந்தத் தொழிலுக்கான பதிவு என்று பாருங்கள். வேறொரு கடையின் சில்லறை விற்பனைப் பதிவு எண்ணைத் தயாரிப்பாளர் எண் போல அச்சிட்டிருந்தால் இங்கேதான் பிடிபடும்.

‘100% இயற்கை’ பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. ‘100%’ என்பதற்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது, லேபிளில் அப்படிப் போடாதீர்கள் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது. ‘வீட்டில் செய்தது’ என்ற வாசகமும் வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தரும் சொற்களில் ஒன்றாக 2018 விதிகளில் தடுக்கப்பட்டிருக்கிறது. நம்மூர்ப் பலகாரத்தில் அதிகம் தென்படுவது இதுதான். ‘ஆர்கானிக்’ என்று இருந்தால், ஆர்கானிக் உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்போது நெய்க்கு வருகிறேன். செட்டிநாட்டு மாவுருண்டை என்றால் வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவில் நெய்யை உருக்கிச் சூட்டோடு ஊற்றி உருட்டுவது. உருண்டை உடையாமல் நிற்பதே நெய்யால்தான். உங்கள் பாக்கெட்டின் பெயரிலேயே ‘நெய்’ இருக்கிறது, முன்பக்கம் நெய்க்கிண்ணப் படமும் இருக்கிறது. இப்படி ஒரு சேர்மானத்தைப் பெயராலோ படத்தாலோ முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது என்று லேபிளில் எழுதியாக வேண்டும். உங்கள் பாக்கெட்டில் அது இல்லை. ‘தாவர எண்ணெய்’ என்று மொட்டையாக எழுதியிருப்பதும் தவறு. பாமாயிலா, கடலை எண்ணெயா, சூரியகாந்தியா என்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாத இடத்தில் சந்தேகப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நெய்யில் கலப்படம் இருக்கிறதா என்று உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பது, ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்ப்பது எல்லாம் பாமாயில் விஷயத்தில் உதவாது. மாவு அல்லது உருளைக்கிழங்கு கலந்திருந்தால் மட்டும் ஒரு சொட்டு அயோடினில் நீல நிறம் வரும். தாவர எண்ணெய் கலந்திருக்கிறதா என்பதை ஆய்வகத்தில் பீட்டா சிட்டோஸ்டெரால் என்ற பொருளை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். அது தாவரக் கொழுப்பில் இருக்கும், பசு நெய்யில் இருக்காது. ஆனால் பாசிப்பருப்பிலும் அது உண்டு என்பதால், மாவுருண்டையைக் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னால் தெளிவான பதில் வராது. நெய்யைத் தனியாக வாங்கும்போது சோதிக்கக் கொடுப்பதுதான் பயன் தரும்.

பணம் கட்டி உணவைச் சோதிக்கச் சொல்லும் உரிமை சாதாரண வாடிக்கையாளருக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006, பிரிவு 40 அதைத் தருகிறது. வாங்கும்போதே ‘இதைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், அது நிபந்தனை. குறை இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உங்களுக்குப் பக்கத்தில் மதுரையில் இருக்கிறது.

மகளுக்கு அனுப்புவதாக இருந்தால் தயாரித்த தேதியும் காலாவதி தேதியும் தெளிவாக அச்சிட்ட பாக்கெட்டையே எடுங்கள். கண்ணாடி ஜாடியிலிருந்து நிறுத்துத் தரும் இனிப்புக்கும் எதுவரை சாப்பிடலாம் என்ற தேதியைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்தப் பாக்கெட்டைப் பொறுத்தவரை, எடுத்த எடுப்பில் புகார் வேண்டாம் என்பது என் எண்ணம். பாக்கெட்டில் வாடிக்கையாளர் தொடர்பு எண் இருக்க வேண்டும். கூப்பிட்டு, நெய் எத்தனை சதவீதம், எண்ணெய் எது, வெல்லம் போட்டுவிட்டு ஏன் இப்படி அச்சிட்டீர்கள் என்று கேளுங்கள். சிறு தயாரிப்பாளர்களில் பலர் அச்சகத்தில் கொடுத்த மாதிரியை அப்படியே போட்டுவிடுகிறார்கள், சொன்னால் திருத்திக்கொள்வார்கள். மழுப்பினால் விடாதீர்கள். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சிவகங்கை மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலருக்கு எழுதலாம், அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பில்லும், தொகுதி (பேட்ச்) எண் தெரிகிற மாதிரி இரு பக்கப் படங்களும், முடிந்தால் பிரிக்காத ஒரு பாக்கெட்டும் கையில் இருக்கட்டும்.