கூரையில் இருக்கும் டிஷ் இன்னும் எத்தனை நாளைக்கு?

இணையத்தில் மலிவாகவும் இலவசமாகவும் இவ்வளவு பார்க்கக் கிடைக்கும்போது சாட்டிலைட் டிவி இனி தாக்குப்பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருஷம் டிஷ் பொருத்தும் வேலை பார்த்தவன் நான். மாதச் சந்தா கட்டி வீட்டில் டிஷ் மாட்டிப் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டேதான் போவார்கள். ஆனால் பலர் நினைப்பதுபோல் அது சீக்கிரம் மறைந்துவிடாது.

படமும் தொடரும் மட்டும் பார்க்கிறவர்கள் ஓடிடி பக்கம் போவதில் தப்பே இல்லை. நினைத்த நேரத்தில் பார்க்கலாம், வேண்டாத மாதம் சந்தாவை நிறுத்தலாம்.

நேரலை வேறு விஷயம். டிவி செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிஷ் ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும் அங்கே குறி 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். அதனால் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, விளிம்பை விரலால் தட்டித் தட்டி, மீட்டரில் சிக்னல் ஏறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பிடித்துவிட்டால் போதும். அந்த ஒரே சிக்னல்தான் எல்லார் கூரையிலும் விழுகிறது. பார்ப்பவர் ஆயிரம் பேரானாலும் கோடிப் பேரானாலும் செயற்கைக்கோளுக்குச் சுமை ஏறாது. இணையத்தில் பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். பெரிய போட்டி நடக்கும்போது படம் மங்குவதும் சுற்றிக்கொண்டே நிற்பதும் அதனால்தான். கனமழையில் டிஷ்ஷும் படுத்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், எதிர்காலத்தைக் கணிக்க விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். புதுச் செயற்கைக்கோள் ஏவுகிறார்களா என்று பாருங்கள். ஒன்றின் ஆயுள் சுமார் 15 வருஷம். எரிபொருள் தீரும்முன் அதை ஒதுக்குப்புறமான சுற்றுப்பாதைக்குத் தள்ளிவிடுவார்கள். அமெரிக்காவின் சாட்டிலைட் டிவி நிறுவனமான டைரக்டிவிக்காகக் கடைசியாக ஏவப்பட்ட டி16 செயற்கைக்கோள் போனது 2019-இல். பிரிட்டனில் 1989-இல் டிஷ்ஷோடு தொடங்கிய ஸ்கை, 2021-இல் டிஷ்ஷே தேவைப்படாத டிவியைக் கொண்டுவந்தது. இருக்கும் செயற்கைக்கோள்களை ஓடும்வரை ஓட்டிக்கொண்டே வாடிக்கையாளரை இணையத்துக்கு நகர்த்துவதுதான் இவர்கள் போகும் வழி.

நல்ல கேபிளோ ஃபைபரோ போகாத இடங்களில் டிஷ் நிலைக்கும் என்றுதான் ரொம்ப நாள் நம்பினேன். இப்போது ஸ்டார்லிங்க் போன்றவை சில நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்தே இணையத்தையே அங்கே இறக்குகின்றன. டிஷ்ஷுக்கு உண்மையான போட்டி இன்னொரு வகைச் செயற்கைக்கோளிடமிருந்துதான் வருகிறது. அந்த இணையத்தின் விலை இன்னும் எல்லாருக்கும் எட்டுவதாக இல்லை என்பதால் டிஷ் கொஞ்ச காலம் தாங்கும். சேனல்களைக் கேபிள் நிலையங்களுக்குக் கொண்டுபோகும் வேலையும் செயற்கைக்கோளுக்கு இருக்கிறது. நமக்குத் தெரியாமல் நடக்கும் அந்த வேலை இன்னும் பல வருஷம் ஓடும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நீண்ட கால ஒப்பந்தம் மட்டும் போடாதீர்கள். சந்தாவை நிறுத்துமுன், வீட்டில் எல்லாரும் இணையத்தில் இருக்கும் ஒரு மாலையில் ஒரு நேரலைப் போட்டியை முழுசாக ஓடவிட்டுப் பாருங்கள். நிறுத்தினாலும் டிஷ்ஷைக் கழற்றாதீர்கள். இலவசமாக வரும் சேனல்கள் உங்கள் பகுதியில் இருந்தால் அதே டிஷ்ஷைத் திருப்பி வைத்தே பார்க்க முடியும்.