பல் டாக்டரிடம் இதயத்தைப் பற்றியும் சொல்லுங்கள்

பல்லையும் இதயத்தையும் சேர்த்து நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கடிதம் வந்த வரிசையில் போகாமல், தள்ளிப்போடக் கூடாத கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மாடிப்படி ஏறினால் இடது பக்கக் கீழ்த்தாடை வலிக்கிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போய்விடுகிறது. கடைசிப் பல் சொத்தையாக இருக்குமோ? வயது 58, பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். (வாசகி, கும்பகோணம்)

பல்லுக்கு மாடிப்படி தெரியாதம்மா. சொத்தைப் பல் வலி இனிப்பு பட்டால், சூடோ ஜில்லென்றோ ஏதாவது பட்டால் வரும், ராத்திரி படுத்தால் பிடுங்கி எடுக்கும். நடந்தால் வந்து, நின்றால் போகிற வலி என்றால் இதயத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த வலி நெஞ்சில்தான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. தாடை, தோள், கை, மேல் வயிறு என்று எங்கே வேண்டுமானாலும் வரலாம், பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலிக்காமலேயே கூட வரும். இதழைக் கீழே வைத்துவிட்டு இன்றைக்கே இதய டாக்டரைப் பாருங்கள். படுத்துக்கொண்டு எடுக்கிற ஈசிஜி சரியாக இருந்தால் அதோடு திரும்பி வந்துவிடாமல், படி ஏறும்போதுதான் வலிக்கிறது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: ஈறில் ரத்தம் வந்தால் ஹார்ட் அட்டாக் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்குப் பல் துலக்கும்போது தினமும் ரத்தம் வருகிறது. வயது 46, சர்க்கரை உண்டு. உண்மையா? (வாசகர், திருப்பூர்)

பாதி உண்மை. 1989-லேயே பின்லாந்து டாக்டர்கள், மாரடைப்பு வந்தவர்களின் வாயையும் வராதவர்களின் வாயையும் ஒப்பிட்டுப் பார்த்து, வந்தவர்களுக்குப் பல்லும் ஈறும் மோசமாக இருப்பதை எழுதினார்கள். பிறகு எத்தனையோ ஆய்வுகள் அதையே சொல்லின. ஆனால் புகை பிடிப்பவருக்கு ஈறும் கெடும், இதயமும் கெடும், சர்க்கரையும் அப்படித்தான், அதனால் எது எதைக் கெடுத்தது என்று பிரித்துச் சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை. அமெரிக்க இதய சங்கம் 2012-இல் எல்லாவற்றையும் அலசிவிட்டு, புகை, சர்க்கரை எல்லாம் கழித்துப் பார்த்தாலும் தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறு நோய்தான் மாரடைப்பை உண்டாக்குகிறது என்றோ, ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்றோ நிரூபணம் இல்லை என்று சொன்னது.

தொடர்பு எப்படி இருக்கக்கூடும் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஈறு புண்ணாக இருந்தால் மெல்லும்போதும் துலக்கும்போதும் கிருமிகள் ரத்தத்துக்குள் போகின்றன, ஈறு நோய்க் கிருமிகளின் தடயம் இதய ரத்தக் குழாய் அடைப்புகளிலேயே கிடைத்திருக்கிறது. கூடவே, உடம்பு முழுக்க லேசான அழற்சி ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஃபார்வர்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சிரித்துவிட்டு விடவும் வேண்டாம். உங்களுக்கு அதைவிடக் கைமேல் பலன் ஒன்று இருக்கிறது: ஈறு நோயைச் சரிசெய்தால் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கும். பல்லில் கெட்டியாகப் படிந்திருக்கும் காரையைச் சுத்தம் செய்து எடுத்தால் பல் ஆடிப்போகும் என்று யாராவது தடுப்பார்கள். ஏற்கெனவே ஆடுகிற பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது, எடுத்ததும் தெரிகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவுக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய்) வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார். இப்போது பல் பிடுங்க வேண்டும். ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரலாம் என்று தெரிந்தவர் சொல்கிறார். (வாசகி, மதுரை)

நிறுத்தாதீர்கள். தெரிந்தவர் சொன்னாலும் சரி, அவசரத்தில் ஒரு பல் டாக்டரே சொன்னாலும் சரி, இதய டாக்டரின் வாயிலிருந்து வராமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள். பல் பிடுங்கிய குழியில் ரத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியும், பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம், ரத்தம் உறைய மருந்து வைக்கலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் இதில் ஒன்றையும் செய்ய முடியாது, அது நேராக மாரடைப்பு. காலையில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், அப்போதுதான் ரத்தம் கசிந்தாலும் பகலிலேயே திரும்பிப் போய்க் காட்டலாம். நிறையப் பற்கள் என்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லாதீர்கள். ஸ்டென்டுக்காகத் தனியாக ஆன்டிபயாடிக் எதுவும் தேவையில்லை. வலிக்கு பாராசிட்டமால் போதும். கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையறா ரத்தக் கசிவையும் கூட்டும், இதயத்துக்கும் ஆகாது.

ரத்தம் உறைவதைத் தடுக்கிற வேறு வகை மாத்திரைகளான அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் கதை கொஞ்சம் வேறு. பல் எடுப்பதற்கு முந்தின நாளோ அன்றைக்கோ ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டு போங்கள். 3.5-க்குள் இருந்தால் சாதாரணமாகப் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவைப்படாது.

கேள்வி: தங்கைக்குச் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் (இதய வால்வைக் கெடுக்கக்கூடிய காய்ச்சல்) வந்து, பிறகு இதய வால்வு மாற்றினார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறாள். பல் வேலைக்கு முன்னால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்கிறார் ஒரு டாக்டர், ஊசியே போதும் என்கிறார் இன்னொருவர். (வாசகர், சேலம்)

மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்னது 'இருக்கலாம்' ரகம். இது சந்தேகமே இல்லாத ரகம், இருந்தும் இதைப் பற்றி எந்த ஃபார்வர்டும் வருவதில்லை. வாயில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் ரத்தத்தில் கலந்தால் நல்ல இதயம் சட்டை செய்யாது. செயற்கை வால்விலோ கெட்டுப்போன வால்விலோ அவை ஒட்டிக்கொண்டு வளர ஆரம்பித்தால் அதற்குப் பெயர் எண்டோகார்டைட்டிஸ், உயிரைக் குடிக்கிற நோய்.

அமெரிக்க இதய சங்கம் 2007-இல் முன்னெச்சரிக்கை ஆன்டிபயாடிக்கை அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது: முக்கியமாக, செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பே எண்டோகார்டைட்டிஸ் வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள். உங்கள் தங்கை இந்தப் பட்டியலில் முதல் வரியிலேயே இருக்கிறார். பல் பிடுங்குவது, ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வது போன்ற வேலைகளுக்கு வேண்டும். சும்மா எக்ஸ்ரே எடுப்பதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. வழக்கமான மருந்து அமாக்சிசிலின் 2 கிராம், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்னால், ஒரே தடவை. ஆனால் அவர் பென்சிலின் ஊசியிலேயே இருப்பதால் வாய்க் கிருமிகளில் சில அதற்குப் பழகிப்போயிருக்கும், அதனால் வேறு வகை மருந்தைக் கொடுப்பார்கள். அந்த ஊசி தொண்டைக் கிருமியால் ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்கத்தான், பல் வேலைக்கு அது காவல் ஆகாது. இதய டாக்டரிடம் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு பல் டாக்டரிடம் போகட்டும். வால்வு மாற்றாமல் ருமாட்டிக் பாதிப்போடு மட்டும் இருப்பவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனாலும் இங்கே பல டாக்டர்கள் கொடுக்கிறார்கள், உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

இன்னொன்று. பல் டாக்டரிடம் போகிற நாள் எப்போதோ வருவது, மெல்லுவதும் துலக்குவதும் தினமும் நடப்பது. ஈறு புண்ணாக இருக்கிற வாயில் கிருமி தினமும் ரத்தத்துக்குள் போகும், அதற்குத் தினம் மாத்திரை போட முடியுமா? ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டிக்கொள்வதுதான் பெரிய பாதுகாப்பு. உங்கள் தங்கைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நாள் கணக்கில் நீடித்தால், அது எண்டோகார்டைட்டிஸாக இருக்கக்கூடும் என்பதால், கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட வேண்டாம். முதலில் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும், மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி பரிசோதனையில் சிக்காது.

கேள்வி: பிபி மாத்திரை ஆரம்பித்த பிறகு ஈறு தடித்துப் பல்லை மூடுகிறது. மாத்திரையாலா? (வாசகர், திருச்சி)

அம்லோடிபின், நிஃபெடிபின் வகையாக இருந்தால் ஆம், சிலருக்கு வரும். வாய் அழுக்காக இருந்தால் இன்னும் வளரும். நீங்களாக நிறுத்தாமல் மாத்திரைச் சீட்டை இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள், மாற்று மருந்துகள் நிறைய இருக்கின்றன.

கேள்வி: தினமும் நல்லெண்ணெய் கொப்பளித்தால் இதய அடைப்பு கரையுமா? (வாசகி, காரைக்குடி)

கரையாது. வாய்க்குச் சுகமாக இருந்தால் செய்யுங்கள், ஃபுளோரைடு பேஸ்ட்டால் காலையும் இரவும் துலக்குவதற்குப் பதிலாக வேண்டாம். துப்பும்போது வாஷ்பேசினில் துப்பாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.