சாயத் தண்ணீருக்கு எந்தக் கரி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் ஓலைக்கூடை முடைகிற பெண்கள். ஓலையைச் சாயத்தில் வேகவைத்து எடுத்தபின் மிச்சத் தண்ணீரைக் கொல்லையில் மணலில்தான் ஊற்றுகிறோம். எங்கள் ஊரில் கரிமூட்டம் போடுகிறார்கள். அந்தக் கரியைப் போட்டால் சாயம் போய்விடுமா?
– ஒரு வாசகி, சாயல்குடி பக்கம்

பதில்: முதலில், கொல்லையில் ஊற்றுவதை இன்றைக்கே நிறுத்துங்கள் சகோதரி. கடற்கரை மணலில் கொஞ்ச ஆழத்தில், உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக நிற்கிற மழைத் தண்ணீரைத்தான் ஊற்று தோண்டி எடுத்துக் குடிக்கிறோம், மணலில் ஊற்றுவது நேராக அங்கேதான் போகும். பளீர் ரோஸுக்கு வாங்கும் பொடி ரோடமின்-பி ஆக இருக்கலாம். பஞ்சு மிட்டாயில் அது இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்கே தடை வந்தது. பச்சைக்கு வரும் மாலகைட் கிரீன் மீனுக்கு விஷம்.

கரி விஷயம். மூட்டத்துக் கரி கொஞ்சம் சாயம் பிடிக்கும், ஆனால் அதன் துளைகளில் பாதி தார் அடைத்துக் கிடக்கும். அதே கருவேலங்கரியை 800, 900 டிகிரியில் நீராவி விட்டுச் சுட்டால் துளைகள் திறந்து ஒரு கிராம் கரிக்குள் 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை பரப்பு கிடைக்கும், குறைந்தபட்சமே இரண்டு கிரவுண்டுக்கு மேல். கிளர்வூட்டிய கரி என்பது இதுதான். வீட்டில் செய்ய முடியாது.

உங்களுக்கு அதைவிட நல்லது கரையிலேயே ஒதுங்கிக் கிடக்கிறது. கட்டக்கோரை என்கிற பழுப்புக் கடற்பாசி! ஓலைக்கும் நாருக்கும் போடுவது பெரும்பாலும் ‘பேசிக்’ என்கிற வகைச் சாயம், தண்ணீரில் அது நேர் மின்னூட்டத்தோடு இருக்கும், கட்டக்கோரையில் உள்ள ஆல்ஜினேட் என்கிற கோந்து எதிர் மின்னூட்டம் கொண்டது, அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பாசியை நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி (உப்பு இருந்தால் சாயத்தோடு இடத்துக்குப் போட்டி போடும்), கால்சியம் குளோரைடு கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்து மறுபடி அலசிக் காயவைத்துப் பொடியுங்கள், அப்போதுதான் பாசியின் கோந்து கரைந்து தண்ணீர் கொழகொழவென்று ஆகாது. ஆறிய சாயத் தண்ணீரை லிட்டர் லிட்டராகப் பாட்டில்களில் எடுத்து 2, 5, 10 கிராம் என்று பொடி போட்டு, ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கித் துணியில் வடித்துப் பாருங்கள். எந்த அளவு போதும் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். நிறம் இறங்கவே இல்லையென்றால் நீங்கள் வாங்கும் சாயப்பொடி வேறு வகை. ஒதுங்கியதை மட்டும் எடுங்கள், தீவுப் பக்கம் போய்ப் பிடுங்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

கேள்வி: பரமக்குடியில் பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிறோம். எங்களுக்கும் பாசி உதவுமா? பிளீச்சிங் பவுடர் போட்டாலே வெளுத்துவிடுகிறதே?
– ஒரு வாசகர்

பதில்: உதவாது. ரியாக்டிவ் சாயமும் எதிர் மின்னூட்டம், பாசி அதைத் தள்ளிவிடும். நல்ல கிளர்வூட்டிய கரி பிடிக்கும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசனும், தண்ணீர் கொஞ்சம் அமிலமாக இருந்தால், நன்றாகவே பிடிக்கும். ஆனால் பொடியாகப் போட்டால் அமிலத்தில் கரையும், மணிகளாக்கி இறுக்கியதை வாங்குங்கள். ஓட்டை நீங்களே காய்ச்ச வேண்டாம், அதற்குக் கொதிக்கிற காஸ்டிக் சோடா வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் நிறத்தைத்தான் உடைக்கும். உடைந்த துண்டுகள் குளோரினோடு சேர்ந்து தண்ணீரிலேயே இருக்கும், சிலது சாயத்தைவிட மோசம்.

இன்னொன்றையும் நான் சொல்லியே ஆக வேண்டும். ரியாக்டிவ் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுகிறீர்கள், வெளியேற்றும் தண்ணீரில் கரைந்த உப்புகளுக்கு அனுமதி லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். எந்தக் கரியும் இந்த உப்பை எடுக்காது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையும் வயல்களும் கெட்டதில் சாயத்தோடு இந்த உப்புக்கும் பெரிய பங்கு உண்டு, 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுவரை அது போனது. தண்ணீர் தெளிந்ததும் வைகையில் விட்டுவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கேளுங்கள்.

கேள்வி: சாயம் பிடித்த பொடியைத் தென்னை மூட்டில் போடலாமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: கூடாது. சாயம் எங்கும் போய்விடவில்லை, பொடியில்தான் இருக்கிறது, மழை பட்டால் திரும்பக் கசியும். எரிக்கவும் வேண்டாம். நிழலில் காயவைத்துத் தடித்த பையில் கட்டி, ஈரம் படாமல் வையுங்கள். கொஞ்சம் சேர்ந்ததும், அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர் யார் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.